வால்யூம் யார் கையில்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் புறப்படும் ரயில் புக்கிட் தெங்காவில் நின்றுவிட்டுப் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேரும். இடையில் சில நிமிடப் பயணம்தான். 1948 ஜூன் 1 அன்று அந்தப் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. 'சினாரான் பினாங் சாரி' என்ற இசைக்குழு அங்கே மேடையேறியது. அந்தக் குழுவில் வயலினும் வாசித்து, பாடவும் செய்த இளைஞருக்கு வயது 19. சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் அந்தக் குரலைக் கேட்டார். சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். தெயுக்கு ஜக்கரியா என்ற அந்த இளைஞரைத்தான் மலாய் உலகம் பி. ரம்லி என்று கொண்டாடுகிறது.

சினிமா வரலாற்றுக்கு இது ஒரு நட்சத்திரம் கண்டெடுக்கப்பட்ட நாள். மேடை ஒலியில் அக்கறை உள்ளவர்களுக்கு வேறொரு கேள்வி எழும். கண்காட்சிக் கூட்டத்தின் இரைச்சல், பாடகருக்குப் பின்னால் ஒரு முழு இசைக்குழு. இத்தனையையும் தாண்டி ஒரு குரல் எப்படித் தெளிவாக வந்து விழுந்தது?

அந்தக் காலத்து ஊர்மேடைகளில் பாடகருக்கென்று ஒரு மைக் கிடைத்தாலே பெரிய வசதி. வாத்தியங்களுக்குத் தனி மைக் என்ற பேச்சே இல்லை. ஒலியைக் கலக்கும் வேலையைக் கால்கள் செய்தன. தனி வாசிக்க வேண்டிய வயலின்காரர் ஓரடி முன்னால் வருவார், முடித்ததும் பின்னால் போய்விடுவார். டிரம்பெட்காரருக்கு எப்போதும் பின்வரிசைதான். திறந்தவெளியில் மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்கில் விழும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். டெசிபெல் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே இந்தக் கணக்கை அவர்கள் பழகி வைத்திருந்தார்கள். ஒத்திகை பார்க்காமல் வந்த குழு மேடையில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

அதற்கும் முந்திய பினாங்கு மேடை மைக்கையே பார்த்ததில்லை. 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. அப்படி வந்த குழு ஒன்றின் மேடைச் சாமான்களை வாங்கி, பினாங்கைச் சேர்ந்த மாமாக் புஷி என்பவர் 1885 வாக்கில் 'புஷி இந்திரா பங்சாவான்' குழுவைத் தொடங்கினார். மலாயாவின் தொழில்முறை நாடக மேடை அங்கிருந்து வளர்ந்தது. ஆர்மோனியம், வயலின், தபேலா பக்கத்தில் ஒலிக்க, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடத் தெரிந்தவருக்குத்தான் அங்கே கதாநாயகன் வேடம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனிகளிலும் இதே நிலைமை. ராஜபார்ட் நடிகருக்கு முகவெட்டு இருந்தால் போதாது. நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடும் தொண்டை வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பள்ளியில் தேறியவர்கள். உயரமான சுருதியை அவர்கள் எடுத்ததில் ரசனை பாதி, தேவை பாதி. தபேலாவும் ஆர்மோனியமும் தாழ்ந்த ஒலிகளை நிரப்பி வைத்திருக்கும்போது, மேலே ஏறிப் பாடும் குரல் தனியாகத் தெரியும். மைக் வந்து பழகிய பிறகு கர்நாடக இசையில் பெண்களின் சுருதி மெல்ல மெல்ல இறங்கியதைப் பழைய கிராமபோன் தட்டுகளைப் பின்னாளைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் எளிதாகக் கண்டுகொள்ளலாம்.

ஒலிபெருக்கி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1915-இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் 'மேக்னவாக்ஸ்' ஒலிபெருக்கியைச் செய்து காட்டினார்கள். 1919-இல் அமெரிக்க அதிபர் வில்சன் சான்டியாகோவில் பெருங்கூட்டத்தின் முன் அதில் பேசினார். இந்தியாவில் மோட்வானி குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' 1931 கராச்சி காங்கிரசுக்கு ஒலிபெருக்கி வைத்தது. 1940-இல் டெல்லியில் தொடங்கிய 'அகுஜா' தமிழ்நாட்டு மைக் செட்காரர்களின் வீட்டுப் பெயராகவே ஆகிப்போனது. இவற்றில் பெரும்பாலானவை பேச்சுக்கென்று செய்யப்பட்டவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூம்பு வடிவக் குழாய் நடுத்தர ஒலிகளை வெகுதூரம் துரத்தும். மிருதங்கத்தின் தொப்பிநாதமோ பேஸ் கித்தாரின் அடிநாதமோ அதில் பாதிகூட வராது. தமிழர்கள் இரண்டு மூன்று தலைமுறை தங்கள் கோயில் திருவிழாப் பாட்டுகளை அந்தக் குழாய் வழியாகக் கேட்டே வளர்ந்தார்கள். அந்தக் கரகரப்பைக் கேட்டால்தான் திருவிழா வந்துவிட்டதாகத் தோன்றும் மனிதர்கள் இன்றும் உண்டு.

நிலைமை தலைகீழானது 1960களில். கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'ஷேடோஸ்' குழுவும் 1961-இல் சிங்கப்பூர் வந்து போனார்கள். அதன் பின் மலாயா முழுவதும் மூன்று கித்தார், ஒரு டிரம் செட் என்ற வாய்பாட்டில் பையன்கள் குழு அமைக்கத் தொடங்கினார்கள். பினாங்கில் இதற்கு இன்னொரு தூண்டுதலும் இருந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1988 வரை பட்டர்வொர்த் விமானத் தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. தளத்து வீரர்களும் குடும்பங்களும் பினாங்கு நீரிணையின் இரு கரையிலும் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வெள்ளி, சனிக்கிழமை இரவுகளில் ஆட இசை வேண்டும்; இசைக்க உள்ளூர்க் குழு வேண்டும்.

மேடையில் முதன்முறையாகக் கித்தார்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு வால்யூம் குமிழ் வந்து சேர்ந்தது அப்போதுதான். ஷேடோஸ் புகழ்பெறச் செய்த 'வாக்ஸ் ஏசி30' ஆம்பிளிஃபயர் 30 வாட். கேட்கச் சிறிய எண். சிறிய மண்டபத்தில் அதை முழுக்கத் திருகினால் பாடகர் குரல் காணாமல் போகும். டிரம்ஸ் வாசிப்பவர் தன் அடி கேட்கவில்லை என்று ஓங்கி அடிப்பார். அதைக் கேட்டு கித்தார்காரர் குமிழை இன்னும் கொஞ்சம் திருகுவார். பேஸ்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? பாடகருக்குத் திருகக் குமிழ் இல்லை. மண்டபத்துச் சுவரில் தொங்கும் பேச்சு ஸ்பீக்கர்தான் அவருக்குக் கதி. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் பீட்டில்ஸுக்கே நடந்தது இதுதான். அவர்களுக்கென்று வாக்ஸ் 100 வாட் ஆம்பிளிஃபயர்கள் வந்திருந்தன. குரலோ மைதானத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்களில் போனது. தாங்கள் பாடுவது அவர்கள் காதுக்கே எட்டவில்லை.

குரலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன? போகலாம், ஊளை கேட்கும் வரை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்கில் விழுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போகும் சுற்றுதான் அது. மைக் செட்காரர்கள் 'ஃபீட்பேக்' என்பார்கள். சபையோர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மேடையில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், ஊளை வராமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபெல் குறையும். பாடகரின் மைக் அவர் குரலை மட்டும் எடுப்பதில்லை. பின்னால் இருக்கும் டிரம்ஸையும் சேர்த்தே எடுக்கிறது. ஆக, மேடையில் சத்தம் கூடக் கூட, வெளியே போகும் குரலின் தெளிவு குறையும். எத்தனை ஆயிரம் வாட் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பினாங்குக் குழுக்கள் கற்ற இடம் திறந்தவெளி மைதானம் என்பதைவிட ஹோட்டல் லவுஞ்ச் என்பதே பொருத்தம். அங்கே இசை கேட்கவும் வேண்டும், மேசையில் நடக்கும் பேச்சு தடைபடவும் கூடாது. சத்தம் அதிகமானால் மேனேஜர் வந்து நிற்பார். அடுத்த மாதம் ஒப்பந்தம் இருக்காது. 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான 'அலிகேட்ஸ்' குழு இப்படி இரவு விடுதிகளில் தேறிய குழு. ஆறுமுகத்தின் பிள்ளைகளான டேவிட், லோகநாதன் என்ற தமிழ்ச் சகோதரர்கள் அதன் முகமாக இருந்தார்கள். 1970களில் ஹாங்காங் வரை போய் வாசித்தார்கள். பின்னர் மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் அறியப்பட்டார்கள். லோகநாதன் 2007 ஜூனில் காலமானார். பல குரல்கள் ஒன்றுசேர்ந்து இழையும் பாணி அவர்களுடையது. அந்த இழைவு கேட்க வேண்டுமென்றால் பாடுகிறவர்களில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க வேண்டும். அதற்கு வாத்தியங்கள் அடங்கி வாசிக்க வேண்டும். அவர்களுடைய மலாய்ப் பாட்டுகளின் மென்மையில் லவுஞ்ச் மேடையின் கட்டுப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதே காலத்தில் சென்னையில் இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க மறுத்தார். தன் மிருதங்கத்தின் நாதத்தை மைக் சிதைக்கிறது, பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் இடையே உள்ள அளவை மேடையில் இருப்பவர்கள் காதால் நிர்ணயிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் சம்பாத்தியத்தை விட்டுக்கொடுத்து நின்ற நிலை அது. சபாக்களுக்குத் தர்மசங்கடம், நிறைந்த அரங்கின் கடைசி வரிசைக்காரர் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார். நடைமுறையில் மணி ஐயர் தோற்றார். கர்நாடகக் கச்சேரிகளில் பாடகர் மேடையிலிருந்தே கையை உயர்த்தி, தம் குரலைத் தமக்கே கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டியை ஏற்றச் சொல்வது இன்று அன்றாடக் காட்சி. அது முடிவதற்குள் வயலின்காரரும் கையை உயர்த்தியிருப்பார். மணி ஐயர் எதைப் பார்த்து ஒதுங்கினாரோ அது இதுதான்.

தமிழ் மெல்லிசைக் குழுக்களுக்கு விடிவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1985-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 'ஆக்டோபேட்' என்ற கருவியை வெளியிட்டது. ஒரு சூட்கேஸ் அகலத்தில் எட்டு ரப்பர் தட்டுகள். குச்சியால் தட்டினால் மின்குறிப்பு போகும். முதல் மாடலுக்குச் சொந்தமாக ஒலி கிடையாது, வேறொரு கருவியோடு இணைக்க வேண்டும். பின்னால் வந்த எஸ்பிடி வகைகள் ஒலிகளையும் சேர்த்தே கொண்டு வந்தன. உலகின் பல இடங்களில் டிரம்ஸுக்குத் துணைக்கருவியாக வந்தது, தென்னிந்திய மேடையில் டிரம்ஸின் இடத்தையே எடுத்துக்கொண்டது. இளையராஜா பாட்டில் தபேலாவும் டிரம்ஸும் பாங்கோவும் மாறி மாறி வரும். மூன்று பேரை அழைத்து வர முடியாத குழுவுக்கு ஒரே ஆள் போதும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை ஒலி அமைப்பாளர்கள்தான் சொல்வார்கள். ஸ்னேர் டிரம்முக்கு வால்யூம் குமிழ் கிடையாது, ஆக்டோபேடுக்கு உண்டு. தாழ்ந்த கூரை மண்டபத்தில் டிரம்ஸ் செட் தானாகவே 100 டெசிபெலைத் தாண்டிவிடும்; அதன்மேல் குரலை ஏற்றிக் கேட்க வைப்பதற்குள் முன்வரிசைக்குத் தலைவலி வந்துவிடும். பேடில் வருவது ரப்பரில் குச்சி படும் 'டப் டப்' மட்டும். மீதி எல்லாம் கம்பி வழியே மிக்ஸருக்குப் போகிறது.

இதிலும் ஒரு வினை இருந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் தன் அடியைத் தானே கேட்பார். பேட் வாசிப்பவர் ஸ்பீக்கரில் வந்தால்தான் கேட்பார். ஆகவே அவர் பக்கத்தில் ஒரு மானிட்டர் பெட்டி. கீபோர்டுக்காரருக்கும் அதே நிலை, அவருக்கும் ஒன்று. பாடகர்களுக்கு இரண்டு. குமிழ்கள் போன பிறகு மேடைச் சத்தம் பெட்டிகளின் வடிவில் திரும்பி வந்தது. கச்சேரி தொடங்கி அரைமணி நேரத்தில் எல்லோரும் தங்கள் பெட்டியை ஒருமுறையாவது ஏற்றச் சொல்லியிருப்பார்கள். யாரும் குறைக்கச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

பினாங்கில் சத்தத்துக்கென்றே ஒரு நாள் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையின் இருபக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் அடுக்கிய ஸ்பீக்கர்கள், பக்கத்துப் பந்தலை மீறிக் கேட்க வேண்டும் என்ற வீம்பு. இடையே உறுமி மேளம் வரும். அதற்குக் குமிழ் கிடையாது, அடிக்கும் கைதான் அளவு. காவடி எடுப்பவர் பத்தடிக்கு ஒரு தாளத்தில் ஆட வேண்டியிருக்கும். பக்திப் பாடல் மட்டும் போடுங்கள், அளவாக வையுங்கள் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் எழுகிறது. சிங்கப்பூர் கடுமையான வழியில் போனது. 1973-இல் ஊர்வலப் பாதையில் வாத்தியங்களுக்குத் தடை போட்டது. 2016-இல்தான் பாதையில் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தது. ஒரு தலைமுறையே மேளமில்லாத காவடியைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

இசைக்குழுச் சத்தம் நீதிமன்றம் ஏறிய தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதைவிடத் துல்லியமானது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தகொஸ்தே சபை. ஜெபக்கூடத்தில் டிரம் செட்டும் கித்தாரும் மற்ற வாத்தியங்களும், ஒலிபெருக்கியோடு. குடியிருப்போர் நலச் சங்கம் வழக்குப் போட்டது. சாலை வாகனங்களின் இரைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சபை வாதிட்டது. ஸ்பீக்கரின் அளவைக் குறைக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியிலோ மேளத்திலோ வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஆண்டே இந்தியாவின் ஒலி மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மெதுவாகப் பேசும் இருவர் பகல் வரம்பைத் தொட்டுவிடுவார்கள்; எந்த இசைக்குழுவும் இந்த எண்ணுக்குள் வாசித்ததில்லை.

இன்று புக்கிட் தெங்கா, ஜூரு, பிறை வட்டாரத்தில் ஒரு தமிழ்க் கல்யாண விருந்துக்குப் போனால் வட்டமேசைக்குப் பத்துப் பேர், முன்னால் மேடை, இருபுறமும் ஸ்பீக்கர், கீழே சப்வூஃபர். மண்டபச் சுவர்களில் ஒலியை உறிஞ்ச ஒன்றும் இருக்காது. ஓட்டுத் தரையும் கண்ணாடியும் அடித்ததைத் திருப்பி அடிக்கும். மேடைக்கு அருகே உட்கார வைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் மணமக்களின் மிக நெருங்கிய உறவினர்கள், அதாவது வயதானவர்கள். இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, ஒலி அமைப்பாளரைக் கேட்டிருக்க மாட்டார்கள். பாட்டிக்குக் காது வலிக்கும் அளவில் வைத்தால்தான் கடைசி மேசைக்காரர் கை தட்டுவார். ஸ்பீக்கரைத் தலைக்கு மேலே உயர்த்தி, பின்வரிசையை நோக்கிச் சற்றே சாய்த்து வைப்பது இதற்குப் பழைய, மலிவான மருந்து. பிரான்சின் கிறிஸ்டியன் ஹைல் 1992-இல் கொண்டு வந்த அடுக்கு ஸ்பீக்கர் முறை அரங்குகளில் தீர்த்ததும் ஏறக்குறைய இதே பிரச்சினையைத்தான். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள சத்த வேறுபாட்டை அது குறைத்தது.

மேடைப் பக்கமும் மாறியிருக்கிறது. 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்ஸர்கள் சிறிய சவுண்ட் கம்பெனிகளும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. ஒலி அமைப்பாளர் டேப்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து கேட்டுச் சரிசெய்கிறார். ஒவ்வொரு வாத்தியக்காரரும் தன் கைப்பேசியிலேயே தன் மானிட்டர் கலவையை வைத்துக்கொள்ளலாம். காதுக்குள் செருகும் மானிட்டர் வந்த குழுக்களில் பெட்டிகளே இல்லை. பாடகர் நிறுத்தினால் மேடையில் கீபோர்டு விசைகள் தட்டுப்படும் ஓசை மட்டும் கேட்கும். இதை வெறுக்கும் கித்தார்காரர்களும் இருக்கிறார்கள். கால்சட்டை அதிராமல் வாசிப்பதில் சுகமில்லை என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கென்று ஒரு சமரசம் உண்டு. ஆம்பிளிஃபயரைச் சபையோரைப் பார்த்து வைக்காமல், பக்கவாட்டில், வாசிப்பவர் காதை நோக்கிச் சாய்த்து வைப்பது. தன் காதிலேயே நேராக விழும்போது எந்தக் கித்தார்காரரும் குமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

புக்கிட் தெங்காவைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் தொழிற்பேட்டை. 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள மலேசிய விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரி 82 டெசிபெலைத் தாண்டினால் அது மிகையான சத்தம். 85 என்பது மீறக் கூடாத வரம்பு. தாண்டும் இடங்களில் முதலாளி காதடைப்பான் கொடுத்தாக வேண்டும், தொழிலாளி அணிந்தாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு வரம்பு சொன்னது: எந்த 15 நிமிடத்திலும் சராசரி 100 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. பகல் ஷிஃப்டில் கம்ப்ரசர் பக்கத்தில் காதடைப்பானோடு நிற்கும் பகுதிநேர டிரம்ஸ்காரர், சனிக்கிழமை இரவு அதைவிட உரத்த சத்தத்தின் நடுவே வெறுங்காதோடு உட்காருகிறார். சவுண்ட் கம்பெனிகளில் சில இப்போது மிக்ஸர் பக்கத்தில் டெசிபெல் மீட்டர் ஒன்றை வைக்கின்றன. மணமகனின் நண்பர்கள் வந்து இன்னும் ஏற்றச் சொன்னால், அமைப்பாளர் அந்த எண்ணைக் காட்டுகிறார்.